எந்தக் கோயிலுங்க?

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. என் மகள் பிளஸ் டூ. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு இயற்பியல் படிப்பாள். திருப்பூர் பஸ் கண்டக்டரின் கூவல் பஞ்சையும் தாண்டி உள்ளே போகும். அவளுக்காகத்தான் ரேஸ்கோர்ஸ் பக்கம் அமைதியான தெருவில் வாடகை வீடு தேடினேன். பரீட்சைக்குள் குடி போய்விட வேண்டும், அது ஒன்றுதான் என் கவலை.

புரோக்கர் ஒரு மாடி வீட்டைச் சொன்னார். வாடகையும் கட்டுப்படியாகும். வீட்டுக்காரரைப் பார்ப்பதுதான் பாக்கி. அதற்கு நான் செய்துகொண்ட அலங்காரம் இருக்கிறதே! காரைக் கழுவி, கஞ்சி போட்ட சட்டையை மாட்டி, ஒரு நாளும் முழுதாகப் படித்திராத ஆங்கிலப் பேப்பரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். மகள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கூட வந்தாள்.

வீட்டுக்காரர் மில் நடத்தி ஓய்ந்த பெரியவர். உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். வேலை, சம்பளம் எதையும் கேட்கவில்லை. எந்த ஊர் என்றார். கோயமுத்தூர் என்றேன். பூர்வீகம் என்றார். அன்னூர் என்றேன். அன்னூரில் எந்தப் பக்கம் என்றார். இந்தக் கேள்விகள் எங்கே போய் நிற்கும் என்று தெரியாத ஆளா நான்? எங்கள் பக்கத்தில் சாதியை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அது மரியாதைக் குறைவாம்.

"தோட்டமுங்களா?" என்றார். சொந்தத் தோட்டம் இருந்தால் அவர் சாதி என்று கணக்கு.

"தோட்டத்துலதான் இருந்தோமுங்க" என்றேன். பொய் இல்லை. அடுத்தவர் தோட்டத்துக் குடிசையில் இருந்தோம்தான். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு இன்னொரு வாய் காப்பி குடித்தேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நம்மாளுக. எந்தக் கோயிலுங்க?"

குலதெய்வத்தைக் கேட்கிறார். அதைச் சொன்னால் குலம், பங்காளி, மாமன் மச்சான் எல்லாம் வெளியே வந்துவிடும். நானோ ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன். தெரிந்த அம்மன், அய்யன் பெயர்களை எல்லாம் மனசுக்குள் அவசரமாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. என்னை அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மகள்தான் சொன்னாள். "நாங்க சர்ச்சுக்குப் போறவங்க தாத்தா. எங்க தாத்தா அந்தத் தோட்டத்துல கூலி வேலை செஞ்சாருங்க."

பெரியவர் முகம் சுளிக்கவில்லை. காப்பி ஆறுகிறது, குடி கண்ணு என்று அவளிடம் சொன்னார். பிறகு, சொந்தத்தில் ஒரு பையன் வீட்டைக் கேட்டிருப்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது என்றும், விசாரித்துவிட்டுச் சொல்லி அனுப்புவதாகவும் என்னிடம் சொன்னார். கேட் வரை வந்து கும்பிட்டு வழியனுப்பினார். அவ்வளவு மரியாதை.

காரில் ஏறியதும் அவள்மேல் பாய்ந்தேன். கைக்கு வந்த வீட்டைக் கெடுத்துவிட்டாயே, உன் படிப்புக்காகத்தானே இத்தனை வேஷமும் என்று கத்தினேன். அந்தத் தெருவில் அன்று கேட்ட ஒரே சத்தம் என்னுடையதுதான்.

அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

"இங்க குடி வந்தா, நான் எங்க உளறிடுவேனோன்னு தெனமும் என்னையப் பயந்து பயந்து பாப்பீங்க. அப்புறம் எப்படிப்பா படிக்கிறது?"

வெளியாட்கள் எதிரில் நான் அவளை எப்போதும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, இத்தனை வருஷமாக இவள் என்னை இப்படிக் கவனித்துக்கொண்டா இருந்தாள் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.