நாவல் மரத்துக்காக நான் பேசிய பேச்சு

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கத்துக்கு அடுத்தபடி அதிகம் வருவது நாவல் பழம்தான். "சர்க்கரைக்கு எமன் நாவல்! கொட்டையைப் பொடி செய்து வெறும் வயிற்றில்..." அனுப்புகிறவர் எங்கள் செயலாளர். பொடியை ஆன்லைனில் வாங்குகிறார். டாக்டர் தந்த மாத்திரையையும் விடவில்லை. விவரமானவர்!

இத்தனைக்கும் எங்கள் கார் பார்க்கிங்கிலேயே ஒரு நாவல் மரம் நின்றது. ஆடி பிறந்தால் பழமாகக் கொட்டும். யாராவது குனிந்து ஒன்றை எடுத்தார்களா? ம்ஹூம். செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் கூறு கட்டி விற்பதை வாங்கிக்கொண்டு, இங்கே விழுந்து கிடப்பதை மிதித்தபடி வீட்டுக்குப் போவார்கள். ஓசியில் கிடைத்தால் அது மருந்தாகுமா என்ன?

அதோடு, இங்கே முக்கால்வாசி வெள்ளைக் கார். வெள்ளைக் காரில் ஊதாக் கறை... பொறுப்பார்களா? மரத்தை வெட்டுவது பற்றி ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் என்று செயலாளர் அறிவித்தார்.

இதைக் கேட்டு என்னிடம் ஓடி வந்தவர் இஸ்திரி போடும் ஏழுமலை. அந்த மரத்தடியில்தான் அவர் தள்ளுவண்டி.

"சார், இந்த நெயலு இல்லன்னா கரிப்பொட்டிய வச்சிகினு வெயில்ல எப்டி சார் நிப்பேன்? நீ பேப்பர்ல எழுதுற ஆளு. ஒரு வார்த்த சொல்லு சார்."

எழுதுகிற ஆளாயிற்றே! ஒரு வார்த்தையோடு நிறுத்துவேனா?

மீட்டிங்கில் பொரிந்து தள்ளினேன். பழத்தின் துவர்ப்பு வயிற்றுப்போக்கை நிறுத்தும் என்பார்கள், பட்டைக் கஷாயத்தில் வாய் கொப்பளித்தால் ஈறு கெட்டிப்படும் என்பார்கள் என்றெல்லாம் அடுக்கினேன். சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் கை கூடத் தட்டினார். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். நம் வாய் சும்மா இருக்குமா?

"அந்தக் காலத்தில் கிணறு வெட்டினால் அடியில் நாவல் கட்டையைத்தான் போடுவார்கள். தண்ணீர் தெளிந்து இனிக்கும்!"

செயலாளர் முகத்தில் பல்பு எரிந்தது.

"சார், இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! நம்ம சம்ப் தொட்டித் தண்ணி என்னா நாத்தம் நாறுது! வெட்டி, பிளாக்குக்கு ஒரு கட்டையா போட்டுடலாம்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எனக்கு நன்றி வேறு தெரிவித்தார்கள். எனக்கு அழுகை வராத குறை.

இப்போது எல்லா சம்ப்பிலும் கட்டை கிடக்கிறது. நாற்றமும் அப்படியே இருக்கிறது. கார்கள் கறையில்லாமல் வெயிலில் வெந்துகொண்டிருக்கின்றன. குரூப்பில் மட்டும் நேற்றுகூட வந்தது: "வீட்டுக்கு ஒரு நாவல் வளர்ப்போம்!"

ஏழுமலை எதிர்ச்சாரியில் ஒரு வேப்ப மரத்தடிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். குற்ற உணர்ச்சியோடு இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு போனேன். மேலே நிமிர்ந்து பார்த்து, "நல்ல மரம் ஏழுமலை..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், பெட்டியை வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், உன் கால்ல வுழுறேன்... இந்த மரத்தப் பத்தி மட்டும் நல்லதா ஒண்ணும் சொல்லிடாத!"