கண்ணை மூடி நில்லுங்க

என் வீட்டுக்காரர் குடியை விட்டு மூன்று வருடம் ஆகிறது. விட்டதாக அவர் சொன்னார். நம்புவதாக நானும் ஊருக்குச் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் நம்பவே இல்லை.

போன மார்கழியில், பருத்திக் காட்டிலிருந்து பொழுது சாய்ந்து வரும்போதெல்லாம் தள்ளாட ஆரம்பித்தார். ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வாசலில் வந்து நின்றார்.

“இன்னொண்ணு எங்க?”

“கழண்டதே தெரியலடி.”

காலில் கிடந்த செருப்பு கழன்றது தெரியாதாம்! யார் காதில் பூச்சுற்றுகிறார்? “ஊதுங்க” என்றேன். ஊதினார். சாராய வாடை இல்லை. பாக்கைப் போட்டு மறைத்திருப்பார் என்று நினைத்தேன். அன்றிலிருந்து தினமும் வாசற்படியில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

பிறகு ஒருநாள் காலையில் முகம் கழுவும்போதே தொட்டி மேல் சாய்ந்தார். “விடியக்காலையிலேயே ஊத்தியாச்சா?” என்று கத்தினேன்.

“புள்ளைக மேல சத்தியமாத் தொடலடி.”

“புள்ளைகள இழுக்காதீக!”

இனி ஒருதரம் பிடிபட்டால் பிள்ளைகளோடு திருச்சுழியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவுசெய்து, பையில் துணியைக்கூட எடுத்து வைத்துவிட்டேன்.

கடைசியாக, தலைசுற்றலுக்குப் பார்ப்போம் என்று ஏமாற்றி அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மாவிடம் தனியாகச் சொன்னேன்: “இவுக குடிக்கிறாகளான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க.”

அவரை அழைத்து, தன் மூக்கையும் டாக்டரின் விரலையும் மாற்றி மாற்றித் தொடச் சொன்னார்கள். தப்பாமல் தொட்டார். கால்களைச் சேர்த்து நிற்கச் சொன்னார்கள். நின்றார்.

“இப்ப கண்ணை மூடி நில்லுங்க.”

மூடியதுதான் தாமதம், அப்படியே சாய்ந்தார். டாக்டரம்மா தோளைப் பிடித்துக்கொண்டார். “பாத்தீகளா!” என்று நான் துள்ளினேன். சந்தோஷப்பட்ட மாதிரிகூட இருந்திருக்கும்.

கட்டிலில் படுக்க வைத்து, மூடிய கண்ணைத் திறக்க விடாமல், கால் கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்தார்கள். “மேலயா, கீழயா?” தப்புத் தப்பாகச் சொன்னார். தொட்டதும் சொல்லச் சொல்லிப் பஞ்சால் பாதத்தைத் தடவினால், “பஞ்ச வைங்க டாக்டரம்மா” என்கிறார். என்னமாய் நடிக்கிறார் மனுஷன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திடீரென்று டாக்டரம்மா நிறுத்திவிட்டு, லைட்டைப் பாதத்துக்குப் பக்கத்தில் இழுத்தார். என்னைச் சைகையால் கூப்பிட்டார். உள்ளங்காலில் சீமைக்கருவேல முள் ஒன்று ஒடிந்து புதைந்திருந்தது. சுற்றிலும் சீழ். அந்த முள் குத்தினால் எப்பேர்ப்பட்ட ஆம்பளையும் அலறிவிடுவான். டாக்டரம்மா இடுக்கியால் பிடித்து உருவினார். அரை விரல் நீளத்துக்கு வந்தது.

அவர் கண்ணை மூடியபடியே கேட்டார்: “இன்னும் தொடலயா?”



“கை, பேச்சு எல்லாம் சரியா இருக்கும்மா. காலுக்குத்தான் தரை தெரியல. கண்ணு பாக்குற வரைக்கும் நிப்பார். இருட்டினாலோ கண்ணை மூடினாலோ சாய்வார். இது குடிச்ச தள்ளாட்டம் இல்ல. சுகரால கால் மரத்துப்போச்சான்னு பாக்கணும்” என்றார் டாக்டரம்மா.

பஸ்ஸில் எங்கள் ஊர் ரெட்டியபட்டி வரும்வரை அவர் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது பொழுது மங்கியிருந்தது. கையைப் பிடித்து வீட்டுவரைக்கும் நடத்தி வந்தேன்.

வாசற்படியில் அவர் நின்றார். நான் ஊதச் சொல்லவில்லை. குனிந்து, என் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதினார்.