லோடு ஏற்றினால் நின்றுபோன பிக்கப்

மரக்காணத்தில் ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக என் ஒர்க்‌ஷாப் இருந்தது. ஒருநாள் காலை பஸ் பிரேக் அடிக்கிற சத்தம் கேட்டு ரோட்டுக்கு ஓடினேன். உப்பு மூட்டை ஏற்றிய பழைய டீசல் பிக்கப் ஒன்று ரோட்டின் குறுக்கே நின்றிருந்தது. பஸ்ஸுக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் நுழையலாம், அவ்வளவுதான் இடம்.

ஸ்டீயரிங்கில் தனம். பக்கத்து சீட்டில் அவள் புருஷன் சேகர். பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்.

"ஏம்மா, ஓட்டத் தெரியலன்னா ஊட்ல இருக்க வேண்டியதுதான? பின்னாடி இத்தினி பேர் உக்காந்துனு இருக்காங்க!"

தனம் சாவியைத் திருப்பினாள். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. வண்டியை என் ஒர்க்‌ஷாப் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

சேகர் என்னைவிட இளையவன். உப்பளத்திலிருந்து குடோனுக்கு லோடு அடித்துப் பிழைத்தவன். சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகு தனம் டிரைவிங் கற்று, லைசென்ஸ் எடுத்து, அதே வண்டியை ஓட்ட ஆரம்பித்தாள். வீட்டில் உட்கார மனம் இல்லாமல் அவனும் தினமும் கூடவே வருவான்.

"அண்ணே, வண்டி மேல தப்பு இல்லண்ணே. இவ கிளட்ச்ச டப்புனு வுட்டுடுறா. கூனிமேட்டுல ஒருத்தர் வெலைக்குக் கேட்டுனு இருக்காரு, குடுத்துடலாம்னு பாக்கறேன்" என்றான் சேகர்.

"குடுத்துட்டு இன்னா பண்றது? நான் மறுபடியும் உப்பு வாரப் போறதா?" என்றாள் தனம்.

மூட்டைகளை இறக்கிவிட்டு நான் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு ரவுண்டு போய் வந்தேன். ஒரு குறையும் இல்லை. அதைச் சொன்னதும் சேகர், "நான் சொன்னேன்ல?" என்றான். தனத்தின் முகம் சுருங்கிப்போனது.

"அண்ணே, காலி வண்டியில நிக்காது. லோடு ஏத்துங்க. நான் ஓட்டுறேன், நீங்க பக்கத்துல உக்காருங்க."

பாலத்து ஏற்றம்

மூட்டைகளை மறுபடி ஏற்றினோம். மூன்று பேரும் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தோம், நான் நடுவில். பக்கத்தில் இருந்த பாலத்தின் ஏற்றத்தில் தேர்ட் கியரில் தனம் ஆக்சிலேட்டரை அழுத்தினாள். இழுவை குறைந்தது. இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது. என் பார்வை அவள் கால்களை விட்டு நகரவில்லை. இடது கால் தரையில் இருந்தது.

"ஆரம்பிச்சிட்டா பாரு" என்றான் சேகர்.

"சேகரு, அவ கால் கிளட்ச்சுலயே இல்லப்பா. நான் பாத்துனுதான் இருக்கேன்" என்றேன்.

தனம் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துவிட்டு நிமிர்ந்து, மறுபடி சாவியைத் திருப்பினாள்.

டீசல் எங்கே நிற்கிறது

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி வேலையை ஆரம்பித்தேன். ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்தது. டீசல் ஃபில்டரை மாற்றிவிட்டுப் பாலத்துக்குப் போனோம். அதே இடத்தில் நின்றது. இன்ஜினுக்கு டீசல் அனுப்பும் பம்ப்தான் போய்விட்டதோ என்று எனக்கே பயம். பம்ப்பைக் கழற்றினால் வண்டி பல நாள் படுத்துவிடும். அவர்கள் தாங்க மாட்டார்கள்.

அதற்கு முன் ஒன்று செய்து பார்த்தேன். ஒரு கேனில் டீசல் ஊற்றி இன்ஜின் பக்கத்தில் கட்டி, அதிலிருந்து நேராகப் பம்ப்புக்கு டியூப் கொடுத்தேன். அதே லோடு, அதே ஏற்றம், அதே தனம். வண்டி திணறாமல் ஏறிப் பாலத்தைத் தாண்டியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அப்படியானால் பம்ப் நன்றாக இருக்கிறது, டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவில்தான் கோளாறு. டேங்க்கை இறக்கினேன். உள்ளே இருக்கும் சல்லடையில் அடைப்பு இல்லை. மிச்சம் இருந்தது ரப்பர் ஹோஸ். வெளியே பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. ஊதினேன், காற்று தாராளமாகப் போனது. திருப்பி வாய் வைத்து உறிஞ்சினேன். மெதுவாக உறிஞ்சினால் வந்தது, வேகமாக உறிஞ்சினால் சட்டென்று அடைத்துக்கொண்டது.

பிளேடால் நீளவாக்கில் கீறினேன். உள்பக்கத்து ரப்பர் தோல் மாதிரி உரிந்து தொங்கியது. காலி வண்டிக்கு டீசல் கொஞ்சம் போதும், அதனால் தோல் அசையவில்லை. லோடோடு ஆக்சிலேட்டர் மிதித்தால் பம்ப் வேகமாக இழுக்கும், தோல் மடங்கி வழியை மூடிவிடும். இன்ஜின் நின்றதும் தோல் பழையபடி விலகிக்கொள்ளும். அதனால்தான் உடனே ஸ்டார்ட் ஆகியிருக்கிறது.

அந்த ஹோஸைச் சேகர் கையில் கொடுத்தேன். விரலை உள்ளே விட்டு, உரிந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"தனம்..." என்றான். "கண்ணு போனதுலேர்ந்து எனக்குச் சத்தம் மட்டும்தான். இன்ஜின் சத்தம் நின்னா, எதிர்ல இன்னா வருதோன்னு குலை நடுங்குது. அந்த பயத்துல உன்ன வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

"வுடுங்க. நீங்க பேசுனதக் கூட தாங்கிக்கலாம். நானே என் கால நம்பல. அதாங்க எனக்குப் பெரிய கஷ்டமா இருந்துச்சு."

புது ஹோஸ் போட்டு, டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றி, சாவியைக் கொடுத்தேன். கூனிமேட்டுக்காரர் வந்து கேட்டபோது சேகர் சொன்னது இதுதான்: "வண்டிய ஓட்டுறது தனம்தாங்க. என்னைக் கேக்காதீங்க, அதக் கேளுங்க." தனம் விற்கவில்லை.

புதிதாக ஸ்பானர் பிடிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வண்டி எந்த லோடில், எந்த ரோட்டில் நிற்கிறதோ, அங்கே வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். நடுரோட்டில் நிற்கும் வண்டியின் டிரைவர் ஊரே பேசுவதைக் கேட்டுவிட்டுத்தான் நம்மிடம் வருகிறார். நாமும் பேசிவிடாமல், முதலில் பானெட்டைத் திறக்க வேண்டும்.