ஓடிய வழியை அடைத்தவர்

வாவிக்கரையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் வாச்சர், வாசல் காவல். அடைமழை நாள். பெரிய கம்பியூட்டர் பழுதாகிக்கொண்டிருந்தது. அது நின்றால் எந்த நோயாளிக்கு என்ன மருந்து என்று தெரியாது. எல்லாவற்றையும் பிரதி எடுக்கும் பெட்டியைப் பொருத்த ஒரு கம்பியூட்டர் திருத்துபவர் காத்தான்குடியிலிருந்து வந்தார். மெலிந்த ஆள். பட்டனை அமத்துமுன் கையைக் காற்சட்டையில் துடைப்பார்.

கம்பியூட்டர்கள் ஒன்றையொன்று தேடிப் பிடிக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி இருக்குமாம்: பழையவற்றுக்குப் பழைய வகை, புதியவற்றுக்குப் புதிய வகை. பெட்டிக்கு இரண்டையும் கொடுத்தார். பழைய முகவரியால் பிரதி ஓடத் தொடங்கியது. பாதியில் கையைத் துடைத்துவிட்டு அந்த முகவரியை அடைத்தார். எல்லாம் நின்றது.

"என்ன காக்கா, ஓடினத ஏன் நிப்பாட்டின?" தலைமைத் தாதி கத்தினார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"மற்ற வழியாலயும் போகுதா எண்டு பாக்கணும் மிஸி. நிண்டா நான் இருக்கக்குள்ள நிக்கட்டும். நாளைக்கு வெள்ளத்துக்குள்ள ஆரு வாற?"

கூரைத் தகரத்தில் மழைதான் கேட்டது. பிறகு புதிய முகவரியால் பிரதி ஓடியது. பழையதையும் திறந்துவிட்டார்.

வாசலில் கேட்டேன்: "மற்ற வழியாலயும் போகும் எண்டு உங்களுக்கு முதலே தெரியும்தானே?"

"தெரிஞ்சா ஏன் அண்ணன் அடைக்கிறன்?"

குடையை விரித்துக்கொண்டு போனார். அவரை மெச்சுவதா ஏசுவதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.