கவராயம் பிடித்த புனிதர்

வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாத மடையன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் மிச்சத்தைச் சொல்வது சுலபம்.

யுத்த காலத்தில் மன்னாரில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கட்டடப் படம் கீறும் வேலை எனக்கு. அங்கே பழைய அலுமாரி ஒன்றை ஒழித்துத் துப்புரவாக்கியபோது கண்ணாடிச் சட்டம் போட்ட அச்சுப்படம் ஒன்று அகப்பட்டது. அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கட்டடக் கலைஞர்; சுருள் முடி, கழுத்தில் லேஸ் பட்டி, கையில் வட்டம் கீறும் கவராயம். செப்புத் தகடு முழுவதையும் கொத்திக் கறுப்பாக்கி, வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் சுரண்டி எடுக்கும் மெஸோடின்ட் வகை. மூலத்தை வரைந்தவர் அரண்மனை ஓவியர் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. ராசாக்களை வரைந்து பழகிய கையோ என்னவோ, செங்கல் கணக்குப் பார்த்த மனிசனுக்கு மோட்சம் கண்ட முகத்தைக் கொடுத்திருந்தார்.

உப்புக்குளத்தில் நான் அறை எடுத்திருந்த வீட்டு விறாந்தையில் அதை மாட்டினேன். வீட்டுக்கார அக்காவின் புருஷன் இந்தியாவில் அகதி முகாமில். வீட்டில் அவரும் இரண்டு பெண் பிள்ளைகளும்தான்.

"ஆர் தம்பி இந்தப் புனிதர்?"

"கட்டடங்களுக்குப் பாதுகாவலர் அக்கா. இவர் தொங்கிற வீட்டில ஷெல் விழாது."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிலுவை அடையாளம் போட்டார். மறுநாள் படத்தின் கீழே மெழுகுதிரி எரிந்தது. அப்போதே திருத்தியிருக்கலாம். நன்றாக எடுபட்ட பகிடியைத் திரும்ப வாங்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு பின்னேரம் ஷெல்கள் எங்கள் பக்கம் நெருங்கின. ஒழுங்கையில் இருந்த வீட்டுச் சனமெல்லாம் மாதா கோயிலுக்கு ஓடியது. அக்கா மட்டும் பிள்ளைகளைப் படத்தின் கீழே இருத்திவிட்டு, செபமாலையோடு பாயில் அமர்ந்திருந்தார்.

"வாங்கோ அக்கா, கோயிலுக்குப் போவம்."

"நீங்கள் போங்கோ தம்பி. எங்களுக்கு இவர் இருக்கிறார்தானே."

"அக்கா, அது புனிதர் இல்லை. கட்டடம் கட்டின மனிசன். நான் பகிடிக்குச் சொன்னனான்."

அவர் சின்னவளைத் தூக்கி என் தோளில் போட்டார். பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கோயில் வாசலை நாங்கள் மிதித்தபோது எங்கள் ஒழுங்கைப் பக்கம் புகை எழுந்தது.

உள்ளே சிமெந்துத் தரையில் இருந்த பிறகும் சின்னவள் என் கழுத்தை விடவில்லை. அந்தச் சின்னக் கைகளின் சூட்டில்தான் நான் செய்த வேலை எனக்கு உறைத்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. நீங்கள் உண்மையாவே நம்புவீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை."

அக்கா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"போன கிழமை நீங்களும் அவருக்கு மெழுகுதிரி கொளுத்தினனீங்கள்."