பெரிய சக்கரம்

கே.ஜி.கண்டிகையில் எங்கள் வயலுக்குப் பக்கத்து வயல்காரர்கள் புது ட்ரெய்லர் வாங்கியிருந்தார்கள். லாரிச் சக்கரம் போட்டது. கரும்பு ஏற்றிக்கொண்டு வரப்பை அலட்சியமாகத் தாண்டிப் போகும். எங்களுடையது தாழ்வு, வரப்பில் அடி தட்டி நிற்கும். வெட்டு ஆட்களுக்கு முன்னால் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அவுங்க வண்டி ஆனை மாதிரி போவுது. நம்மளுது அடைக்கோழி மாதிரி குந்திகினு கீது பாவா."

பாவா என் வீட்டுக்காரர், அத்தை மகன். ஆட்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார்.

அந்த வாரமே திருத்தணியில் பழைய லாரிச் சக்கரங்கள் வாங்கி வந்துவிட்டார். எங்கள் ட்ரெய்லரில் சக்கரம் மாட்டும் ஹப்பில் அவை பொருந்தவில்லை. போல்ட் ஒரு பக்கம், துளை ஒரு பக்கம். நடுவே இரும்புத் தகடு வைத்துத் துளை போட்டு மாட்டிக்கொண்டார். உள்ளே இருந்த பிரேக் அதே சின்ன பிரேக்தான்.

திருத்தணி மலையடிவாரத்தில் சூடம் காட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தோம். நசுக்கிப் போய் பிரேக் போட்டார். நின்றது. காலி வண்டி அதட்டினாலே நிற்கும். அது யாருக்கும் தோன்றவில்லை.

"இப்ப சொல்லு, கோழியா ஆனையா?" என்றார்.

"ஆனைதான்" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதன்முதலாகப் பாரம் ஏற்றிய அன்று ஏரிக்கரை இறக்கத்தில் நான் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தேன். பிரேக் கிறீச்சிட்டது, சக்கரம் நிற்கவில்லை. ட்ரெய்லர் டிராக்டரை முன்னால் தள்ளிக்கொண்டு போனது. எதிரே ஆடுகள், ஆட்டுக்காரி. பாவா வயலுக்குள் திருப்பினார். வண்டி சேற்றில் புதைந்தது; அவர் தொடை முறிந்தது.

புத்தூரில் எலும்புக் கட்டுப் போட்டு வந்து படுத்தார். பார்க்க வந்தவர்கள், "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு" என்றார்கள். அவர் எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னார்: "எறக்கத்துல கியர் மாத்தினேன். என் தப்புதான்." நான் காபி டம்ளரை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் ஒருமுறைகூட என் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ட்ரெய்லரைச் சரிசெய்ய எடுத்துப்போன பட்டறைக்காரர் வீட்டுக்கு வந்தார்.

"சக்கரம் பெருசாச்சுன்னா உள்ள புடிக்கிற ட்ரம்மும் பெருசாவணும்ங்க. ஹப்பு, பிரேக்கு, அச்சு எல்லாம் அதுக்கேத்தாப்ல வேணும். விரலுக்கேத்த வீக்கம். பெருசா, பழசா?"

பாவா குத்தலே இல்லாமல் என்னைக் கேட்டார். "நீ சொல்லு. எது போடலாம்?"

என் வாயால் வந்த வினை என்று அப்போதாவது பட்டறைக்காரர் முன்னால் சொல்லியிருக்கலாம். "பழசே போதும்" என்றுதான் வந்தது.

ட்ரெய்லர் பழைய சக்கரத்தில் திரும்பி வந்தபோது அவர் கோலை ஊன்றி வாசலுக்கு வந்தார். கால் சற்றுக் குட்டையாகக் கூடியிருந்தது.

"அடைக்கோழி வூட்டுக்கு வந்துடுச்சு" என்று சிரித்தார். "எலுமிச்சம்பழம் கொண்டா."

வைத்தேன். ஓட்ட என் தம்பி ஏறினான். அவரால் இன்னும் ஏற முடியாது. பழம் நசுங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். நான் தரையில் முழுதாகப் பதியாத அவர் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.