தொடர்கதையில் அவர் செத்த வாரம்

எனக்கு எண்பத்தைந்து வயது. பெற்றது நாலு, நாத்தனார் விட்டுப்போனது இரண்டு, ஆறையும் வளர்த்து ஆளாக்கினேன். படிப்பு மூன்றாவதோடு நின்றது. எழுத்து கோணல்தான். சொல்வது நேராக இருக்கும்.

என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெரிய நாவலாசிரியர், பட்டணத்தில் இருந்தார். அறுபதுகளில் அவர் கதை படிக்காத வீடு காஞ்சிபுரத்தில் இல்லை. என் வீட்டுக்காரருக்கு அதுதான் வினை. தம்பி எந்த வேலைக்குப் போனாலும் கொஞ்ச நாளில் அது வாரப் பத்திரிகையில் வந்துவிடும், ஒரு கெட்ட குணத்தையும் சேர்த்துக்கொண்டு. இவர் டூரிங் கொட்டாயில் படம் ஓட்டினார். கதையில் தம்பி குடித்துவிட்டு ரீலை மாற்றிப் போட்டான். இவர் கள்ளை மோந்துகூடப் பார்த்ததில்லை. பஸ்ஸில் கண்டக்டராகப் போனார். கதையில் ஒருத்தியோடு ஓடிப்போனான். மாகறலுக்குப் போய் வாடகை சைக்கிள் கடை வைத்தார். பத்திரிகை அங்கேயும் வந்தது. கடைசியில் அப்பா விட்டுப்போன தறிக்கே திரும்பினார். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்த பிறகு வேறு எங்கே போவது? கதையில் தம்பி ஜரிகை திருடினான்.

முதலாளி பட்டும் ஜரிகையும் நிறுத்துக் கொடுப்பார், நெய்த புடவையை நிறுத்து வாங்குவார். இவர் புடவை எடை ஒருநாளும் குறைந்ததில்லை. ஆனாலும் தராசு முன்னால் முதலாளி கேட்பார்:

"இன்னாபா, கதைல வர்றாப்ல ஒண்ணும் இல்லியே?"

எல்லோரும் சிரிப்பார்கள். இவரும் சிரிப்பார். அன்றைக்கு வீட்டில் சாப்பிடமாட்டார்.

கருட சேவைக்கு அண்ணன் வந்தபோது, இவர் என் எதிரிலேயே கேட்டார்.

"ணா, அந்தத் தம்பிய சாவடிச்சிடு. என்னை உட்டுடு."

"ஊரே அவனத்தான்டா படிக்குது."

"அவனைத் தூக்கிக்கினு தெருவுல நடக்கறது நான்தானே."

அண்ணன் பட்டணம் திரும்பினார். தை மாதத் தொடர்கதையில் தம்பி திருமுக்கூடல் ஆற்றில் முழுகிச் செத்தான்.

அந்த வாரம் எதிர்வீட்டுக்காரி வாசலில் வந்து நின்று என் நெற்றியைப் பார்த்தாள்.

"பொட்டு இருக்குதான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்மா."

"உள்ளதான் தறி சத்தம் கேக்குதே, காதுல வுழலியா?" என்றேன்.

முகூர்த்தக் காலம் அது. ஒரு கூறைப் புடவைக்குத் தறியில் ஏற்றும் பாவு நூல் இவருக்கென்று பேசிவைத்திருந்தது. வாங்கப் போனோம். முதலாளி எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பொண்ணு வூட்ல வேணாங்கறாங்கபா. செத்தவன் கையால நெய்ஞ்ச கூறை ஆவாதாம்."

"எதிர்ல நிக்கறனேங்க."

"எனக்குத் தெரியுது. பொண்ணோட ஆயா கதைய படிச்சிட்டு இன்னும் அழுதுக்கினு இருக்குது."

இவர் அப்படியே நின்றார். நான் முன்னால் போனேன்.

"அவரு செத்துட்டார்னா என் பேருக்குக் குடுங்க. என் பேரு எந்தக் கதையிலயும் இல்ல."

கூறைப் பாவு கிடைக்கவில்லை. சாதாரணப் புடவைக்குக் கொடுத்தார், என் பேரில். அதற்குப் பிறகு கடைசிவரை பாவு என் பேரிலேயே வந்தது. நெய்தது அவர். தராசு முன்னால் போய் நின்றது நான். அவர் குழியை விட்டு வெளியே வருவது குறைந்துபோயிற்று. நிஜமாக அவர் போனபோது தெருவில் அதிகம் பேர் அழவில்லை. முன்பே அழுது முடித்திருந்தார்கள்.

பேத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"கண்ணு, நான் எழுதினத மொதல்லருந்து படி. உங்க தாத்தா இதுல எங்கனா திருடறாரா, குடிக்கறாரான்னு பாத்துக்கினே படி."